விலையில்லா சைக்கிளும் விலையில்லா லேப்டாப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையில் பல வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கும். பிளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்தது. உள்ளே பீரோ மேல் ஒரு லேப்டாப் இருக்கும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. வாங்கிய பிள்ளை படித்து முடித்து வேலைக்கே போயிருக்கும். இப்போது அந்த சைக்கிளை மிதித்துக்கொண்டு அப்பா ஷிப்டுக்குப் போகிறார். லேப்டாப்பில் தம்பி படிக்கிறான், அம்மா வரி ரசீது எடுக்கிறார். இரண்டையும் கொடுத்தார்கள், சரி. எது தேயும், எது கெடும், கெட்டால் என்ன ஆகும் என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை.

பத்திரிகைகளில் வரும் யோசனையோ 'ஹெல்மெட் போடுங்கள்', 'ஆன்டிவைரஸ் வாங்குங்கள்' என்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டும் வேண்டியதுதான். ஆனால் டிரெய்லரின் பின்சக்கரத்துக்கு அடியில் ஹெல்மெட்டுக்கு வேலையில்லை. திருடன் கொடுத்த கட்டளையைத் தன் கையாலேயே ஒட்டி எண்டர் தட்டுகிறவரை ஆன்டிவைரஸ் எல்லா நேரமும் தடுத்துவிடாது. கடையில் வாங்குவதற்கு முன்னால் காசில்லாமல் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை எழுதக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

முதலில் டிரெய்லர். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி ஊர்வதைப் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் கிடையாது. நாற்பதடி பெட்டி ஏற்றிய வண்டி இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. சில மீட்டர் உள்வாங்கி, நடைபாதை ஓரத்தை உரசிக்கொண்டு வரும். இது தெரிந்துதான் டிரைவர் முதலில் வலப்பக்கமாக ஒதுக்கி, பிறகு இடப்பக்கம் ஒடிக்கிறார். அவர் வலப்பக்கம் ஒதுக்கும் அந்த சில நொடிகளில் இடப்பக்கத்தில் சைக்கிள் நுழைய அழகாக ஒரு இடைவெளி தெரியும். நம்மவர்கள் அதில்தான் நுழைகிறார்கள். அடுத்த நொடி அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம், இடப்பக்கக் கதவை ஒட்டி வரும் சைக்கிள் அவர் கண்ணுக்குப் படவே படாது. கேபினின் நேர் முன்னால் ஒட்டி நின்றாலும் அதே கதைதான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நம் தலைகூடத் தெரியாது.

ஆகவே சிக்னலில் டிரெய்லர் நின்றிருந்தால் அதன் இடப்பக்கமாக ஊர்ந்து முன்னேறாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். ஒரு வண்டி இடைவெளி விட்டு நின்றால், அது ஏற்றத்தில் கொஞ்சம் பின்வாங்கினாலும் ஆபத்தில்லை. முன்னால் போய்த்தான் ஆக வேண்டுமென்றால், திரும்பிப் பார்த்தால் டிரைவரின் முகம் தெரிகிற தூரம் வரை போய்விடுங்கள். பக்கத்தில் ஓட்டும்போதும் அதே கணக்கு: அவருடைய கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நாம் அவருக்குத் தெரியவில்லை.

ஓரமாகப் போனால் பத்திரம் என்று நினைத்து மண் மேலேயே ஓட்டுகிறவர்களும் உண்டு. சாலையோர மணலில் முன்சக்கரம் வழுக்கினால் விழுவது சாலைப் பக்கம்தான். லாரிகள் உதிர்த்துவிட்டுப் போகும் கம்பித் துண்டும் ஆணியும் சேர்கிற இடமும் அந்த ஓரம்தான். தார் விளிம்பிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுவது நல்லது. நின்றிருக்கும் வண்டிகளைக் கடக்கும்போதும் அதே ஒரு மீட்டர் வேண்டும், கதவு திறப்பதற்கு முன் யாரும் நம்மைக் கேட்பதில்லை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தைக் கடக்கும்போது சாய்வாகப் போகாமல் கூடியவரை நேர்குறுக்காகப் போங்கள். சாய்ந்து போனால் டயர் தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொள்ளும். மழை நாளில் ஈர இரும்பின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

பிரேக் விஷயத்தில் ஒரு பழைய பயம் இன்னும் போகவில்லை. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று அதைக் கழற்றியே வைத்துவிடுகிறார்கள். உண்மையில் சைக்கிள் நிற்பது பெரும்பாலும் முன் பிரேக்கால்தான். வேகம் குறையும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரத்தில் பிடிமானம் இருப்பதில்லை. அதனால்தான் பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் டயர் தேய்ந்துகொண்டே வழுக்குகிறது. இரண்டையும் சேர்த்து, மெதுவாகத் தொடங்கி அழுத்தம் கூட்டி, உடம்பை சீட்டில் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால் குப்புற விழ மாட்டீர்கள். சோதித்துப் பார்ப்பதும் சுலபம். லீவரை முழு பலத்தோடு அழுத்துங்கள். அது ஹேண்டில்பாரைத் தொட்டால் வயரை இழுத்துக் கட்ட வேண்டும். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே இரு பக்கமும் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் இருக்கட்டும். கட்டை டயரைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். அப்படித் தொட்டால் சில வாரத்தில் டயரின் பக்கவாட்டைத் தின்றுவிடும், டியூப் வெடிக்கும்வரை வெளியில் தெரியாது. இரும்பு ரிம் உள்ள சைக்கிள் மழையில் சட்டென்று நிற்காது. கட்டை முதலில் தண்ணீரை வழித்த பிறகே பிடிக்கத் தொடங்கும். அதனால் மழையில் சந்திப்பு வருவதற்கு வெகு முன்பே லீவரை லேசாக அழுத்தி, கட்டை ரிம்மைத் துடைத்தபடி இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உப்புக் காற்று. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் வாழும் சைக்கிளுக்கு வயது வேகமாக ஏறும். செயின், ஸ்போக்ஸ் நிப்பிள், கேசிங்குக்குள் இருக்கும் பிரேக் வயர் இந்த மூன்றும்தான் முதலில் போகும். செயினுக்கு கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊற்றுவது நம் வழக்கம். தேங்காயெண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். லாரி இன்ஜின் ஆயில் தூசியை இழுத்துக் கறுப்பு அரத்தூளாக்கி, செயினைத் தேய்க்கும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிஷம் கழித்து வெளிப்பக்கத்தை மறுபடி துடையுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே தெரிவது தூசிக்கு வைத்த விருந்து.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து இழுத்துப் பிடித்தால், புதுச் செயினில் 24-வது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் வரும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் உட்காராமல் குதிக்கும். கியர் இல்லாத சைக்கிளில் செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் அரை அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் தொங்கினால், சாலையைக் கடக்க எழுந்து அழுத்தி மிதிக்கும் அந்த நேரத்தில்தான் கழன்று விழும். மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று காலில் உணர்ந்தால், பெடல் தண்டை நடு அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். நட்டை முறுக்கினால் திருகுதான் அறுந்துபோகும். பின்னைச் சுத்தியலால் அடித்து உட்கார வைத்துவிட்டு, பிறகு நட்டை இறுக்க வேண்டும்.

காற்று. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில்லை. டயரின் பக்கவாட்டிலேயே எத்தனை பவுண்டு என்று அச்சிட்டிருக்கும். குறைவாக இருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது ஆணி வேலையல்ல, காற்று குறைந்ததுதான் காரணம். லாரி டயருக்கு அடிக்கும் கம்ப்ரசரில் சைக்கிளுக்கு அடிக்கச் சொல்லாதீர்கள். சைக்கிள் டியூபில் இடம் கொஞ்சம், இரண்டு மூன்று நொடியில் அளவு தாண்டி வெடித்துவிடும். காலையில் காற்று இறங்கியிருக்கிறது, பஞ்சரும் இல்லை என்றால் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாயான வால்டியூபைப் பாருங்கள். வால்வில் கொஞ்சம் எச்சில் தடவினால் குமிழ் வரும். சில ரூபாய் பொருள், வெயிலில் வெடித்துப்போகும். பையில் இரண்டு வைத்திருங்கள்.

இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். அதோடு பெடலின் முன்னும் பின்னும் ஒளிரும் டேப் ஒட்டுங்கள். மேலும் கீழும் ஆடும் வெளிச்சத்தைப் பார்த்ததும் பின்னால் வருகிறவருக்கு இது சைக்கிள் என்று உடனே புரிந்துவிடும். அசையாத ஒற்றைப் புள்ளி எதுவாகவும் இருக்கலாம்.

லேப்டாப்பை சைக்கிளில் எடுத்துப்போகிறவர்கள் மூடியை மட்டும் மூடிவிட்டுக் கிளம்பாமல் ஷட்டவுன் செய்யுங்கள். பழைய அரசு லேப்டாப்களில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். சுற்றிக்கொண்டிருக்கும்போது பள்ளத்தில் விழுந்தால், படிக்கும் முனை தட்டைக் கீறிவிடலாம். நின்ற டிஸ்க் அதைவிட அதிகமாகத் தாங்கும். கேரியரில் கட்டாமல் முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். கேரியருக்கு வரும் அதிர்ச்சியை உடம்பு வாங்கிக்கொள்ளும். பையை யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்றும் யோசித்து வையுங்கள். விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டு எல்லாவற்றையும் படிக்கலாம். டிஸ்க் முழுவதையும் பூட்டும் என்கிரிப்ஷன் இருந்தால்தான் அது முடியாது. அதை ஆன் செய்யும்போது கிடைக்கும் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வைக்க மறந்தால், உங்களுக்கும் திறக்காது.

அந்த லேப்டாப்களில் இன்னும் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தால், அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ம் தேதியோடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரிக்குப் பிறகு வந்த குரோமும் அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அப்டேட் இல்லாவிட்டால் என்ன என்பவர்களுக்கு 2017-ஐ நினைவூட்டலாம். அந்த மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'ரான்சம்வேர்' வகை. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். பழைய இயந்திரத்தில் விண்டோஸ் 11 ஏறாது. வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி ராமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் சௌகரியம். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் பத்து வருடப் பழைய லேப்டாப்பும் சுறுசுறுப்பாகிவிடும். படிப்புக்கும் வங்கி வேலைக்கும் இது தாராளம்.

விண்டோஸையே வைத்துக்கொள்வதென்றால், 'ஆக்டிவேட்' செய்து தருகிறோம் என்று இறக்கும் திருட்டு மென்பொருளைத் தொடாதீர்கள். அது ஓடுவதற்கு முன், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்கிறவன் எதற்கு வருகிறான்? விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும், காசு கொடுத்து வேறொன்று அவசியமில்லை. அதைவிடப் பெரிய காவல் இன்னொன்று உண்டு: தினமும் நுழையும் கணக்கு நிர்வாகிக் கணக்காக இருக்கக் கூடாது. நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்து, வீட்டில் எல்லோரும் சாதாரணக் கணக்கில் நுழையட்டும். அப்போது எதையாவது நிறுவும் முன் பாஸ்வேர்டு கேட்கும். அந்த ஐந்து விநாடி தயக்கத்தில் தப்பித்தவர்கள் பலர்.

இப்போது பரவிவரும் ஒரு தந்திரத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துக் காட்டுகிறேன். தம்பி ஏதோ ஒரு பாட்டோ புத்தகமோ இறக்கத் தேடுகிறான். ஒரு பக்கத்தில் 'நான் ரோபோ இல்லை' என்று கட்டம் வருகிறது. எல்லா இடத்திலும் வருவதுதானே என்று டிக் அடிக்கிறான். அடுத்து படம் பார்த்துப் பேருந்தைக் காட்டச் சொல்லவில்லை. 'சரிபார்க்க விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தவும், பிறகு கண்ட்ரோலோடு வி, பிறகு எண்டர்' என்கிறது. டிக் அடித்தபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை அவனுக்குத் தெரியாமல் கிளிப்போர்டில் நகலெடுத்துவிட்டது. விண்டோஸ் கீயோடு ஆர் என்பது கணினிக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் ரன் பெட்டி. அதில் ஒட்டினால் பெட்டி சிறியது, நீளமான கட்டளையின் கடைசிப் பகுதிதான் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் 'ரோபோ இல்லை, சரிபார்ப்பு எண் இத்தனை' என்று வாலாக எழுதி வைத்திருப்பார்கள். எண்டர் தட்டியதும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், நாம் ஏற்கெனவே நுழைந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் குக்கீகள் எல்லாம் போய்விடலாம். குக்கீ கையில் இருந்தால் திருடனுக்கு ஓடிபி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. உண்மையான சரிபார்ப்பு எதுவும் பிரவுசரை விட்டு வெளியே வந்து எதையும் ஒட்டச் சொல்லாது. தட்டிவிட்டீர்கள் என்றால் உடனே வைஃபையைத் துண்டியுங்கள். வேறு கணினியிலோ போனிலோ இருந்து மெயிலின் பாஸ்வேர்டை முதலிலும் மற்றவற்றை அடுத்தும் மாற்றுங்கள். எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். பிறகு கணினியைத் துடைத்துப் புதிதாக இயங்குதளம் ஏற்றுங்கள். ஸ்கேன் செய்து 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் நம்ப வேண்டாம்.

திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஊதி, 'இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று வருவது வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் கீயைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், போகவில்லையா, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். திரும்பத் திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 'இன்று இரவு 9.30-க்கு உங்கள் கரண்ட் கட்' என்று வரும் குறுஞ்செய்தியும் அதே வகை. அந்த எண்ணுக்கு அழைத்தால், தூரத்திலிருந்தே நம் திரையைப் பார்த்து இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை இறக்கச் சொல்வார்கள். தன்னளவில் அது நல்ல கருவிதான். யார் இறக்கச் சொல்கிறார்கள் என்பதில்தான் சங்கதி.

ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவ் கொடுத்து வாங்கிய பிறகு கோப்புகள் மாயமாகி, அதே பெயரில் ஷார்ட்கட்கள் நின்றால் அவற்றை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் மறைத்து வைக்கப்பட்டிருக்கும், அழிந்திருக்காது. ஆதார் நகலுக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொண்டுபோங்கள். அச்சடித்து முடித்ததும் கடைக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னும் காலியாகிறதா என்று நின்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பாஸ்வேர்டுகளை நோட்டில் எழுதி பீரோவில் வைப்பது குற்றம் என்பதுபோல் சிலர் எழுதுகிறார்கள். வீட்டுக்கு அது மோசமான யோசனையே இல்லை. இந்தத் திருடன் தொலைதூரத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு உங்கள் பீரோ எட்டாது. எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதுதான் வினை. படங்களையும் சான்றிதழ்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, அதைக் கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

டெஸ்க்டாப் இருக்கும் வீட்டில், கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்கிறதா? 'கம்ப்யூட்டர்னா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். எர்த் இல்லை என்று அர்த்தம். கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி, எர்த் இல்லாத இடத்தில் வீட்டு மின்னழுத்தத்தில் சுமார் பாதியைக் கேபினெட்டில் நிறுத்தும். டெஸ்டர் வைத்தால் எரியும். பழைய வாடகை வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் போர்டிலிருந்து எர்த் இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுகிறேன் என்றால் வேண்டாம், இப்போது குழாயெல்லாம் பிவிசி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது யாருக்கும் மறந்திருக்காது, எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்தது. கேபினெட்டும் யுபிஎஸ்ஸும் தரையில் இருக்க வேண்டாம், மேசைக்கு மேல் ஏற்றிவிடுங்கள். நனைந்துவிட்டால் 'வேலை செய்கிறதா' என்று ஆன் செய்து பார்ப்பதுதான் அதைக் கொல்வது. வீட்டு மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குள் தண்ணீர் போயிருந்தால் காயவைத்து ஓட்டிப் பார்க்காமல், தரவு மீட்கத் தெரிந்தவரிடம் அப்படியே கொடுங்கள். அரிசிப் பானையில் புதைப்பதால் ஒன்றும் ஆகாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைய மோசடியில் பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய 1930 என்ற அரசு உதவி எண்ணை தினமும் ஒரு மூலையில் கட்டம் கட்டிப் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. அந்த நேரத்தில் இணையத்தில் தேடினால் வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் இன்னொரு திருடனின் எண்தான் முதலில் கிடைத்தாலும் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 600 081